கிளியருக்குள் ஒரு கொசுக்கால்

அந்த அக்கா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரு பெட்ரோல் மூடி. காரின் பின்பக்கவாட்டில், பெட்ரோல் ஊற்றும் வாயை மறைக்கிற உள்ளங்கை அளவுத் தகடு. காருக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்தவனுக்கு அது பழகிய பொருள். நிறம் ஒத்துப்பார்க்க முழு வண்டியையும் பெயிண்ட் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகமாட்டோம். இந்த மூடியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவோம். அதைப் பார்த்துக் கடைக்காரர் நிறம் கலந்து தருவார். அதனால் அவர் அதை என் மேசைமேல் வைத்தபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்தில், பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றையும் வைத்தார். ஜப்பான் கார் ஒன்றின் பிளாஸ்டிக் மாடல். உண்மை வண்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்திருந்தேன். கீழே பூக்கடை. பின்பக்கம் சமையற்கட்டு, அதன்மேல் தகரக் கூரை. மாடல் பெட்டியை ஆசையாக வாங்கிவிட்டு ஒட்டப் பொறுமை இல்லாதவர்களின் வேலையைச் செராஸில் ஒரு கடைக்காரர் எனக்கு அனுப்பிவைப்பார். கார், லோரி, மோட்டார் சைக்கிள் என்று வரும். ஒட்டுவதில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னிடம் வந்தது மேல்பூச்சுக்காகத்தான். நிறத்தின்மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சை நாங்கள் கிளியர் என்போம். அது சரியாக விழுந்தால் கையளவு பிளாஸ்டிக் காரிலும் எதிரே உள்ள ஜன்னல் கம்பி தெரியும். விழாவிட்டால் அது பொம்மைதான்.

அந்த வேலையைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. பள்ளிக்கூடம் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு முடிந்தது. அதன்பிறகு செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கினேன். ஜெஞ்சாரோமில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போனேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கிள்ளானில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மட்டும் மூன்று வருடம் கார்களுக்கு ஸ்பிரே அடித்தேன். அங்கே அவ்வளவு நாள் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தங்க மேலே அறை இருந்தது, மத்தியானம் சோறு போட்டார்கள்.

அக்காவுக்கு அறுபது வயதுக்குள் இருக்கும். கிள்ளானில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிறிய சிலுவை. ரயிலில் வந்திருந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். மகன் இறந்து ஏழு மாதம். இருபத்து நான்கு வயது. கார் விபத்து. தன் காரும் இதுவும் ஒரே வண்டி என்று மாடல் பெட்டியை அவனே வாங்கி வைத்திருந்தான். லீவில் ஒட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இப்போது அதை ஒட்டி, அவன் காரின் நிறத்திலேயே அடித்து, நவம்பர் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாளன்று அவன் கல்லறைமேல் வைக்கவேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நீண்ட நாள் இருக்கும் என்றேன்.

“பொட்டி வேணாம் தம்பி. அவனத்தான் பொட்டியில வெச்சாச்சே. கார் வெளியில நிக்கட்டும்.”

அப்படியென்றால் வெயிலும் மழையும் தாங்குகிற கிளியர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது அவ்வளவுதான்.

நிறத்துக்காக அவர் மூன்று பெயிண்ட் கடை ஏறி இறங்கியிருந்தார். இது கம்பெனி நீலம் இல்லை, எவனோ கையால் கலந்திருக்கிறான், எங்களால் முடியாது என்று மூன்று இடத்திலும் சொல்லிவிட்டார்கள். மூடி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். நொறுங்கிய வண்டிகளைப் போட்டுவைக்கும் இடத்துக்கு மகனுடைய செருப்பையும் தண்ணீர் போத்தலையும் எடுக்கப் போனாராம். வண்டியில் வளையாமல் இருந்தது இது ஒன்றுதான். அங்கிருந்த ஆளிடம் கேட்டதும் அவர் ஸ்குரூடிரைவர் எடுத்துவந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

நான் மூடியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் ஊதா ஓடியது. கீழ் மூலையில், கிளியருக்குள், புருவமுடி அளவில் ஒரு கறுப்புக் கோடு. நடுவில் ஒரு மடிப்பு. விரலால் தடவினால் தட்டுப்படவில்லை. உள்ளே இருந்தது. கொசுவின் கால்.

அந்தக் கொசுவை எனக்குத் தெரியும்.

கிள்ளான் வொர்க்‌ஷாப்பில் ஸ்பிரே அடிக்கத் தனி அறையெல்லாம் கிடையாது. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு அதற்குள் நின்று அடிப்போம். ஒரு நாள் மழை விட்ட நேரம், கிளியர் ஈரமாக இருந்தபோது கொசு வந்து உட்கார்ந்தது. ஊசியால் எடுத்தேன். உடல் வந்துவிட்டது, ஒரு கால் தங்கிவிட்டது. காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்தால் போய்விடும். பெட்ரோல் மூடிதானே, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த நீலமும் நான் கலந்ததுதான். கம்பெனி நீலம் பாதி டின்தான் இருந்தது. போதாததற்கு, வேறு நீலத்தோடு இன்னொரு வண்டியில் மீந்த ஊதா மினுக்குப் பொடியையும் போட்டு அளவைக் கூட்டினேன். அந்த நிறத்தில் இன்னொரு வண்டி எங்கேயும் ஓடியிருக்காது.

அது பொத்தோங் வண்டி. மலாயில் பொத்தோங் என்றால் வெட்டுவது. முன்னால் அடிபட்ட வண்டி ஒன்று, பின்னால் அடிபட்ட வண்டி ஒன்று. இரண்டையும் நடுவில் வெட்டி, நல்ல பாதிகளைச் சேர்த்து ஒரு வண்டியாக்கிவிடுவார்கள். தரையிலும், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும், கூரையைத் தாங்கும் தூண்களிலும் வெல்டிங் வரும். அதன்மேல் மேடுபள்ளத்தை நிரப்பும் புட்டி, புட்டியின்மேல் நிறம் பிடிக்க பிரைமர், பிறகு நிறம், பிறகு கிளியர். புட்டியிலிருந்து கிளியர்வரை என் வேலை. அந்த வண்டியில் கதவுக்குக் கீழே வெல்டிங் முழுசாக ஓடவில்லை. அங்கங்கே புள்ளி வைத்ததுபோல் பிடித்திருந்தது. இடைவெளியில் காகிதம் நுழையும். இது தாங்குமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“நீ பெயிண்ட்காரன். பெயிண்ட பாரு லா” என்றார்.

பார்த்தேன். புட்டியை விரல் கனத்துக்கு ஏற்றி, தேய்த்து, கண்ணாடியாக்கிக் கொடுத்தேன். முதலாளி வண்டியைச் சுற்றி வந்து என் தோளில் தட்டினார். மூன்று மாதம் கழித்து, வழக்கம்போல், பையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டேன். அந்த வண்டியை யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

இதெல்லாம் ஓடி முடிவதற்குள் அக்கா வேறு ஏதோ பேசத் தொடங்கியிருந்தார்.

“அவன் வேகமா ஓட்டுறவன் இல்ல தம்பி. எல்லாரும் வேகம்னு சொல்றாங்க. எங்க அண்ணனே சொல்றாரு. மழை ரோட்ல டிவைடர்ல தட்டுனதுக்கு வண்டி ரெண்டா போவுமா, பறந்திருந்தாத்தான் போவும்னு சொல்றாரு.”

அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. ஏழு மாதமாக எல்லாரிடமும் சொன்னதை என் அறையிலும் ஒருமுறை சொன்னார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. செய்து தருகிறேன் என்றேன். மூடியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

முதலில் கிளியரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மாடலுக்கு மூன்று வகை கிடைக்கும். ஒன்று தண்ணீரில் கரைவது. வாடை இல்லை, அறைக்குள்ளேயே அடிக்கலாம். இரண்டாவது ஸ்பிரே டின்னில் வருவது. சீக்கிரம் காயும், நன்றாக மின்னும். ஆனால் கனமாக அடித்தால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சுருட்டிவிடும். மழை ஈரத்தில் அடித்தால் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். மூன்றாவது, கார்களுக்கு அடிக்கும் டூ பேக். ஒரு டின்னில் கிளியர், இன்னொரு டின்னில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். கலந்துவிட்டால் திரும்ப வழியில்லை, கல்லாகிவிடும். மூக்கில் போனால் நெஞ்சைப் பிடிக்கும். கை கொஞ்சம் தடித்தாலும் சிறிய காரின் கதவுக் கோடுகளையெல்லாம் நிரப்பிவிடும்.

அக்காவின் மகன் காருக்கு நான் அடித்தது டூ பேக். அதன் வாடையை மறுபடி அந்த நீலத்தின்மேல் முகர எனக்கு மனமில்லை. மற்ற இரண்டில் ஒன்று தாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

பொட்டலச் சோற்றோடு தரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகளில்தான் நாங்கள் சோதனை செய்வோம். கரண்டியின் முதுகு காரின் முன்மூடிபோல் வளைந்திருக்கும். அதில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் காரிலும் விழும். மூன்று கரண்டிக்குக் கையிலிருந்த நீலத்தை அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளியர் போட்டு, பின்பக்கத் தகரக் கூரையில் கம்பியால் கட்டிவைத்தேன். வெயிலிலும் மழையிலும் மூன்று வாரம் கிடக்கட்டும் என்று விட்டேன். அடுத்த அறையில் இருந்த காவல்கார அங்கிள் துணி காயப்போட வந்தவர் நின்று பார்த்தார்.

“கரண்டியெல்லாம் கூரையில கட்டிட்டியே, சோறு எதுல திங்கிற?”

கையில்தான் என்றேன்.

“அதையும்தான் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்க” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினார். என் நகக்கண் எல்லாம் நீலமாக இருந்தது.

அந்த மூன்று வாரமும் மற்ற வேலைகளோடு நீலத்தைக் கலந்துகொண்டிருந்தேன். பழைய கலவையை அப்படியே கலந்தால் சரிவராது. பெரிய காரில் நீலமாகத் தெரிவது சிறிய காரில் கறுப்பாகத் தெரியும். மினுக்குப் பொடியும் மணல் அள்ளிப் போட்டதுபோல் பெரிதாகத் தெரியும். வெள்ளை சில துளி சேர்த்து, பொடியை மெல்லிய துணியில் சலித்துப் போட்டு, எத்தனையோ கரண்டிகளைக் கெடுத்தேன். ஒவ்வொரு முறையும் மூடியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. கொசுக்கால் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பார்ப்பேன். வேலை முடிந்ததும் மூடியைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவேன். வைத்தாலும் அது அறையில் இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது, யாரோ வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகாததுபோல.

வெளியில் போனாலும் தப்பமுடியவில்லை. சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் கார்களின் கதவுக்குக் கீழேதான் என் கண் போனது. நிறம் எங்கேயாவது கொஞ்சம் மாறியிருக்கிறதா, புட்டி மேடு தெரிகிறதா என்று. அந்த மூன்று வருடத்தில் எத்தனை பொத்தோங் வண்டிக்கு அடித்தேன் என்று ஒரு நாள் ரயிலில் விரல்விட்டுப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை. மற்ற வண்டிகளுக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல யாரும் மூடியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை.

மூன்று வாரம் முடிந்ததும் கூரையில் ஏறிக் கரண்டிகளை அவிழ்த்தேன். தண்ணீர்க் கிளியர் மஞ்சளடித்திருந்தது, விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. ஸ்பிரே டின் கிளியர் மங்கி, மேலே முடிபோல் கீறல் விட்டிருந்தது. மூன்றாவது கரண்டியை விரலால் துடைத்தேன். அழுக்கு போனதும் என் முகம் தெரிந்தது.

டூ பேக் வாங்கக் கிள்ளானுக்குப் போனேன். பெயிண்ட் கடையிலிருந்து நடந்து வரும் வழியில்தான் அந்த வொர்க்‌ஷாப் இருந்தது. இப்போது அங்கே டயர் விற்கிறார்கள். முதலாளி விற்றுவிட்டுப் போனது எங்கே என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மேலே நான் தங்கிய அறையின் ஜன்னலில் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் நல்ல மழை. மாடலை ஒட்டி, பிரைமர் போட்டு, ஒரு நாள் காலையில் நீலத்தை அடித்தேன். சரியாக வந்துவிட்டது. சாய்த்தால் ஊதா ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். எந்த ஊர் என்றுகூட யோசிக்கவில்லை. எனக்கு இது புதிதும் இல்லை. ஓரிடம் சரிப்படவில்லை என்றால் கிளம்பிவிடுவேன், யாரும் தேடமாட்டார்கள்.

திரும்பி வரவைத்தது மனசாட்சி என்று சொல்லமாட்டேன். நாங்கள் அடிக்கும் அந்த வகை நிறத்தின்மேல் ஒரு நாளுக்குள் கிளியர் போடவேண்டும். விட்டுவிட்டால் கிளியர் நிறத்தைப் பிடிக்காது, ஒரு நாள் தோல்போல் உரிந்து வரும். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளை மத்தியானத்துக்குள் அடித்தாகவேண்டும் என்பதே தலைக்குள் ஓடியது. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வெயில் வந்தது. பின்பக்கம் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். முகமூடி போட்டுக்கொண்டு கிளியரையும் ஹார்டனரையும் அளந்து கலந்தேன். காருக்கு ஊற்றுவதைவிட, நீர்க்க வைக்கும் தின்னரைக் கூடுதலாக ஊற்றினேன். முதல் சுற்று பனி படிவதுபோல் தூவினால் போதும், பளபளப்பை எதிர்பார்க்கக்கூடாது. அது ஒட்டும் பதத்துக்கு வந்தபின் இரண்டாவது சுற்று. ஸ்பிரே காருக்கு முன்னால் தொடங்கி காரைத் தாண்டித்தான் நிற்கவேண்டும், காரின்மேல் நின்றால் வழியும். மூன்றாவது சுற்று ஈரமாக, ஒரே ஓட்டமாக. நீலம் ஆழமாகிக்கொண்டே போனது. காரின் கூரையில் மேகம் தெரிந்தது.

காரின்மேல் ஒரு நொடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. இடது பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் கிளியர் சேர்ந்து ஒரு சொட்டாக வழிந்து நின்றது. மாடலில் அது கடுகளவு இடம். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் காயவிட்டேன். தண்ணீரில் துளி சோப்பு போட்டு, ஆயிரம் நம்பர் சேண்ட் பேப்பரிலும் பிறகு இரண்டாயிரத்திலும் அந்தச் சொட்டைத் தேய்த்துச் சமமாக்கினேன். அந்தப் பக்கம் முழுக்க மங்கலாக்கி மறுபடி கிளியர் அடித்தேன். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வழிந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. நல்ல வேலை. இந்த நல்ல வேலையைத்தான் அன்றைக்கும் செய்தேன், தோளில் தட்டு வாங்கினேன். அங்கேயே, முகமூடியைக் கழற்றாமல் நின்றபடி, அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி. சுவரில் மகன் படம், அதன்கீழ் சிவப்பு பல்பு. நல்ல உயரமான பையன். அக்கா மாடலையும் மூடியையும் வாங்கி ஜன்னலுக்குப் போய், மூடியை அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிச் சாய்த்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

“எப்படி தம்பி புடிச்சீங்க? மூணு கடையில முடியாதுன்னாங்களே.”

“இது நான் கலந்த நீலம்க்கா.”

அவருக்குப் புரியவில்லை. நான் மூடியைக் கேட்டு வாங்கி, கொசுக்காலைக் காட்டினேன். அது எங்கே, எப்படி வந்தது என்பதில் தொடங்கி, புட்டிவரை, முதலாளி சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் மாடலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கிளியர் புதிது, விரல் அழுந்தினால் தடம் விழும் என்று ஒரு பக்கம் எனக்கு ஓடியது. பழக்கம் அப்படி.

“பெயிண்ட் அடிக்கும்போது ஒங்களுக்குத் தெரியுமா, அது தாங்காதுன்னு?”

“தாங்குமான்னு கேட்டேன்க்கா. பெயிண்ட பாருன்னாரு.”

“தெரியுமான்னு கேட்டேன்.”

“தெரியும்.”

அவர் உட்கார்ந்தார். கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன்.

“அப்ப அவன் வேகமா போகல” என்றார்.

அது எனக்குத் தெரியாது என்றேன். அந்த வெல்டிங் வைத்த இடத்தைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்லமுடியும் என்றேன். அவர் காதில் வாங்கிக்கொண்டாரா தெரியவில்லை. கைப்பேசியை எடுத்து அண்ணனுக்கு அடித்து, இங்கே ஒருத்தர் வந்திருக்கிறார், அவர் சொல்வதைக் கேள் என்று என் பக்கம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். 

“அவன் வேகமா போகலன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அண்ணன்.

“தெரியாதுண்ணே. மெதுவா தட்டியிருந்தாலும் அந்த ஜாயின்ட் நிக்காது. அது தெரியும்.”

“நாளைக்கு கல்லறைக்கு வாங்க. என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.”

நான் கோயில் பக்கமும் போகாதவன், சர்ச் பக்கமும் போகாதவன். மறுநாள் காலையிலேயே போய், மாடலின் அடித்தட்டில் ஓட்டை போட்டு, கல்லறைக் கல்லில் போல்ட் வைத்து முடுக்கினேன். பிற்பகலில் கூட்டம் சேர்ந்தது. கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒவ்வொரு குடும்பமும் தன் ஆட்களின் பக்கத்தில் நின்றது. பாதிரியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நீலக் காரின்மேல் விழுந்த துளிகள் பரவாமல் மணிமணியாக நின்றன. கிளியர் நன்றாகப் பிடித்திருந்தால் அப்படித்தான் நிற்கும்.

பாதிரியார் தாண்டிப் போனதும் அக்கா உறவுக்காரர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

“இந்தத் தம்பிதான் அந்தக் காருக்குப் பெயிண்ட் அடிச்சவரு. சொல்லுங்க தம்பி.”

சொன்னேன். அடுத்தவர் வந்தார், மறுபடி சொன்னேன். வேகம் என்று பேசிய அத்தனை பேரையும் அக்கா கணக்காக நினைவு வைத்திருந்தார். ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருவர் என்னைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மகனின் சிநேகிதன் ஒருவன் பாதியிலேயே என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“விடுய்யா” என்றார் அக்கா. “அவரு சொல்லி முடிக்கட்டும்.”

முடித்தேன். பொத்தான் ஒன்று போயிருந்தது.

அண்ணன் கடைசியாக வந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. நான் தொடங்குவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து காரின் கூரையில் ஒரு விரலை வைத்தார்.

“வாங்குன அன்னைக்கு எங்கிட்டதான் மொத கொண்டாந்து காட்டுனான். நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நல்ல வண்டிடா, எடுத்துக்கன்னு சொன்னேன்.”

 அந்த வாரமே என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை.

கல்லறைத் திருநாளன்று அங்கிருந்து கிளம்பும்போது கைக்குட்டையோடு மூடியை அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“வெச்சுக்குங்க. அடுத்த வருசம் வரும்போது கொண்டாங்க.”

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் அறையை விட்டுவிட்டேன். அதன்பிறகு நான்கு இடம் மாறி, இப்போது மறுபடி ஜெஞ்சாரோமில் இருக்கிறேன். எங்கே போனாலும் மூடி பையில் வருகிறது. அக்டோபர் கடைசியில் எங்கே இருந்தாலும் கிள்ளானுக்கு வந்துவிடுகிறேன். கல்லறைத் திருநாளன்று காலையில் மாடலைக் கழுவிப் பாலிஷ் போடுவேன். பிற்பகலில் அதன் பக்கத்தில் நிற்பேன். ஒவ்வொரு வருடமும் இன்னும் கேட்காத ஒருவரை அக்கா எங்கிருந்தாவது அழைத்துவருவார். மூடியைக் காட்டச் சொல்வார். வேகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதையும் நான் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த இடம் வரும்போது அக்கா பூவைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார். என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பார்.

போன வாரம் அக்காவிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. ஈப்போவிலிருந்து மகனின் சித்தி இந்த முறை வருகிறாராம், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாதாம், மூடியை மறக்கவேண்டாம் என்று. சரி என்று பதில் போட்டேன்.

இந்த வருடம் பாலிஷ் மட்டும் போதாது. போனமுறை பார்த்தபோதே கூரை ஓரத்தில் கிளியர் மங்கத் தொடங்கியிருந்தது. எந்தக் கிளியரும் வெயிலில் அவ்வளவு நாள்தான் நிற்கும். இன்னொரு சுற்று அடிக்கவேண்டும். புதிது பிடிக்கவேண்டுமென்றால் இருக்கிற பளபளப்பை முதலில் முழுக்கத் தேய்த்து எடுக்கவேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே போய் போல்ட்டைக் கழற்றிக் காரை எடுத்துவந்துவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாயிரம் நம்பர் சேண்ட் பேப்பர் வாங்கி மூடியோடு வைத்திருக்கிறேன்.